தீவிர நோய் உறுதியான பிறகு: மனவலிமையும் வாழ்வின் நோக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய், இதயச் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்ற தீவிர நோய் தமக்கு இருப்பதாக அறிந்தவர்கள், சிகிச்சை பற்றிய கேள்விகளுக்கு அடுத்தபடியாக, இனி எப்படி வாழ்வது, எதை முன்வைத்து வாழ்வது என்றே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு ஆய்வுகளும் மருத்துவ அனுபவமும் தரக்கூடிய விடைகள் இங்கே உள்ளன. பெரும்பாலான விடைகள் நோயாளியை நோக்கியும், ஓரிரு விடைகள் உடனிருப்போரை நோக்கியும் எழுதப்பட்டுள்ளன.

நோயின் பெயரைக் கேட்டதிலிருந்து எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகைகூட வரவில்லை. இது இயல்புதானா?

இயல்புதான். பெரும் அதிர்ச்சியின்போது மனம் மரத்துப்போவதும், வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பதுபோல் தோன்றுவதும், நள்ளிரவில் திடீரென விழித்துக்கொண்டு உடல் நடுங்குவதும் பலருக்கும் ஏற்படுபவை. சிலர் அன்றே கதறி அழுகிறார்கள். சிலருக்கு அழுகை வர மாதக்கணக்கில் ஆகிறது. எதையும் வைத்து ஒருவரின் மனவலிமையை அளந்துவிட முடியாது.

இந்த நாட்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. மருத்துவர் சொல்லும் தகவல்களில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனடியாகவே மறந்துவிடுகிறார்கள் என்று நினைவாற்றல் குறித்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவர் பதற்றத்தில் இருக்கும்போது, நோயின் பெயருக்குப் பிறகு சொல்லப்பட்ட எதுவும் பல நேரங்களில் காதில் விழுவதே இல்லை. ஆகவே, அடுத்த சந்திப்புக்கு ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அனுமதித்தால் உரையாடலைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். "இந்த முடிவை எடுக்க எனக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது?" என்பதை முதல் கேள்வியாகக் கேட்பது நல்லது. மாரடைப்பு, பக்கவாதம், சில தீவிர இரத்தப் புற்றுநோய்கள் போன்றவற்றில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பல நோய்களிலோ, யோசிக்கவும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் சில நாட்களாவது கிடைக்கும். அந்த அவகாசம் இருப்பதே தெரியாமல் அவசரப்படுபவர்கள் ஏராளம்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைக் கடந்துதான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் முன்வைத்த இந்த ஐந்து நிலைகள், மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த நோயாளிகளுடன் அவர் நடத்திய உரையாடல்களிலிருந்து பிறந்தவை. நோயாளிகளிடம் அவர்களுடைய சாவைப் பற்றிப் பேசவே மருத்துவர்கள் தயங்கிய காலத்தில், அவர்கள் சொல்வதை உட்கார்ந்து கேட்டது அவருடைய பெரும் பங்களிப்பு. ஆனால் எல்லோரும் இந்த நிலைகளை இதே வரிசையில் கடக்கிறார்கள் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. காலையில் நோயை ஏற்றுக்கொண்டவராக இருந்து, மாலையில் கோபத்தில் கொதிப்பவர் எதிலும் பின்தங்கிவிடவில்லை.

என் நோய்க்கான ஆயுட்காலத்தை இணையத்தில் பார்த்துவிட்டேன். அதிலிருந்து மீள முடியவில்லை. அந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

அமெரிக்கப் பரிணாமவியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல், அவருடைய 40ஆம் வயதில், வயிற்று உட்சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் உறுதியானது. அவர் நூலகத்தில் தேடிப் படித்தபோது, நோய் கண்டறியப்பட்ட பிறகான ஆயுட்காலத்தின் இடைநிலை அளவு எட்டு மாதம் என்று இருந்தது. புள்ளிவிவரங்களோடு புழங்கியவர் என்பதால், எட்டு மாதத்தில் தான் இறந்துவிடுவேன் என்று அவர் அதைப் படிக்கவில்லை. பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள் இறந்தார்கள் என்றால், மறு பாதி அதற்கு மேல் வாழ்ந்திருக்கிறார்கள். கீழ்ப்பக்கம் பூஜ்யத்தோடு முடிந்துவிடுகிறது. மேல்பக்கமோ ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. தன் வயது, நோய் கண்டறியப்பட்ட கட்டம், கிடைத்த சிகிச்சை ஆகியவற்றைப் பார்க்கும்போது, தான் அந்த நீண்ட பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு என்று அவர் கணித்தார். மேலும் 20 ஆண்டுகள் வாழ்ந்து, 2002இல் வேறொரு புற்றுநோயால் இறந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. கூல்டு நீண்ட காலம் வாழ்ந்ததால் எல்லோரும் வாழ்வார்கள் என்று பொருளாகாது. 21 வயதில், 1963இல், ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய் கண்டறியப்பட்டு, இரண்டு ஆண்டுகளே வாழ்வார் எனக் கருதப்பட்ட இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 2018 வரை வாழ்ந்ததும் மிக அரிதான நிகழ்வு. விதிவிலக்குகளை மட்டுமே எடுத்துக்காட்டாக அடுக்குவது நோயாளிக்குச் செய்யும் நன்மை என்று நான் நினைக்கவில்லை. கூல்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் எண்ணைப் படித்த முறையைத்தான். இன்னொன்றும் உண்டு: ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் என்று நீங்கள் பார்ப்பது, குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டறியப்பட்டவர்களைப் பற்றியது. இடையில் வந்த புதிய மருந்துகளின் பலன் அதில் முழுமையாக இருக்காது.

எண்ணைத் தெரிந்துகொள்ள விரும்பினால் மருத்துவரிடமே கேளுங்கள், அதையும் ஒற்றை எண்ணாகக் கேட்காமல், "நல்லபடியாக அமைந்தால் எப்படி இருக்கும், மோசமாக அமைந்தால் எப்படி இருக்கும், பெரும்பாலும் எப்படி இருக்கக்கூடும்?" என்று மூன்றாகக் கேளுங்கள். தெரிந்துகொள்ள விரும்பாவிட்டால் அதையும் சொல்லிவிடலாம்; அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

நேர்மறையாகச் சிந்தித்தால்தான் குணமாகும் என்கிறார்கள். என்னால் அப்படி இருக்க முடியவில்லையே?

நோயாளிகள் மீது ஏற்றப்படும் தேவையற்ற சுமைகளில் இதுவே மிகப் பெரியது என்பது என் கருத்து. "சிரித்த முகத்தோடு இரு, பாதி நோய் ஓடிவிடும்" என்று அன்போடு சொல்பவர்கள், நோய் முற்றினால் அது உன் மனத்தின் தோல்வி என்றும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள் என்பதை உணர்வதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், உடலின் பிற பகுதிகளுக்குப் பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களில், வாரந்தோறும் குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாகத் தெரியவந்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் அதே வகையான குழுச் சிகிச்சையை 235 பெண்களிடம் சோதித்து 2001இல் கனடா ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகளில், ஆயுள் நீளவில்லை. மனவேதனையும், வலியை உணரும் அளவும் குறைந்திருந்தன. குறிப்பாக, தொடக்கத்திலேயே அதிகம் துயருற்றிருந்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைத்தது. தலை, கழுத்துப் பகுதிகளில் புற்றுநோய் கொண்ட 1,093 பேரைப் பின்தொடர்ந்த மற்றோர் ஆய்வு 2007இல் வந்தது. நோயாளியின் மனநிலை நன்றாக இருந்ததா இல்லையா என்பதற்கும் அவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்பதற்கும் அதில் தொடர்பு காணப்படவில்லை.

இந்த முடிவுகளைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைகிறார்கள். எனக்கோ இவற்றில் பெரிய விடுதலை தெரிகிறது. நீங்கள் அழுத ஒரு மாலைப்பொழுது கட்டியை வளர்த்துவிடவில்லை. பயந்ததால் சிகிச்சை தோற்றுவிடாது. மனநிலையைக் கவனிக்க வேண்டியதன் காரணம், வாழும் நாட்கள் தாங்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்பதே. ஒரு விதிவிலக்கை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். சிகிச்சை பெறாத மனச்சோர்வு நோய், மாத்திரைகளைத் தவறவிடவும், நடக்காமல் முடங்கவும், பரிசோதனைகளைத் தள்ளிப்போடவும் வைக்கும். இதய நோயாளிகளிடம் மனச்சோர்வும் மோசமான விளைவுகளும் சேர்ந்தே காணப்படுகின்றன. அது உங்கள் மனப்பான்மையின் குறையன்று. சிகிச்சை தேவைப்படும் இன்னொரு நோய்.

இந்த நோயை நானே வரவழைத்துக்கொண்டேனோ என்ற குற்ற உணர்ச்சி விடவில்லை.

புகைபிடித்தல் போன்ற பழக்கங்கள் சில நோய்களின் வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பது உண்மை. ஆனால் ஒருமுறைகூடப் புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது, ஆயுள் முழுதும் புகைத்தவர்கள் பலருக்கு வருவதில்லை. கூட்டத்தைப் பற்றிய புள்ளிவிவரத்தைக் கொண்டு ஒரு தனி மனிதரின் நோய்க்குத் தீர்ப்பு எழுத முடியாது. கவலைப்பட்டதால்தான் புற்றுநோய் வந்தது என்ற கருத்துக்கு உறுதியான சான்று இல்லை. புகைபிடிப்பவர் நோய் உறுதியான பிறகு நிறுத்தினாலும் சிகிச்சைக்கு அது உதவும் என்பதால், அந்தக் குற்ற உணர்ச்சியிலிருந்து செய்யத்தக்க காரியம் அது ஒன்றுதான்.

மனவலிமை பிறவிக் குணமா? நான் இயல்பிலேயே பயந்தவர்.

மனவலிமையைப் பலர் கலங்காத முகம் என்று புரிந்துகொள்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். உளவியலாளர்கள் ரிச்சர்ட் லாசரஸும் சூசன் ஃபோக்மனும் 1984இல் விளக்கியபடி, நெருக்கடியை மனிதர்கள் இரு வழிகளில் சமாளிக்கிறார்கள். ஒன்று, மாற்றக்கூடியதை மாற்றுவது: மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது, விடுப்புக் கேட்பது, செலவுக்கு வழி செய்வது. மற்றொன்று, மாற்ற முடியாததைத் தாங்கும்படி உணர்வுகளைக் கையாளுவது: பேசுவது, அழுவது, பிரார்த்திப்பது, சிறிது நேரம் நோயை மறந்திருப்பது. எந்த இடத்துக்கு எந்த வழி என்று பார்த்து மாற்றிக்கொள்ளத் தெரிவதே மனவலிமையின் பெரும்பகுதி. பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் மூன்று நாட்களில் செய்வதற்கு எதுவும் இல்லாதபோது, விடிய விடிய இணையத்தில் தேடுவது முதல் வழியைத் தவறான இடத்தில் பயன்படுத்துவதாகும். உடலில் ஒரு கட்டி இருப்பதை உணர்ந்தும் மனத்தைத் திசைதிருப்பிக்கொண்டே இருப்பது அதன் மறுபக்கத் தவறு.

ஃபோக்மனின் பிற்கால ஆய்வில் நடந்த ஒன்று இங்கே சொல்லத்தக்கது. 1990களில், எய்ட்ஸ் நோயால் இறந்துகொண்டிருந்த தம் துணைவர்களைப் பராமரித்தவர்களிடம் அவர் நேர்காணல்கள் நடத்தினார். துயரங்களையும் சிரமங்களையும் பற்றிய கேள்விகளே அவற்றில் இருந்தன. நல்லவிதமாக நடப்பவற்றைப் பற்றி ஏன் எதுவும் கேட்பதில்லை என்று அவர்களே குறைப்பட்டுக்கொண்டார்கள். அப்படிக் கேட்கத் தொடங்கியபோது, அந்தக் கடுமையான நாட்களிலும் கிட்டத்தட்ட எல்லோராலும் மனத்துக்கு இதமான ஏதோ ஒரு சிறு நிகழ்வைச் சொல்ல முடிந்தது. துயரமும் மகிழ்ச்சியும் ஒரே காலத்தில் ஒருவரிடம் இருக்க முடியும். துயரம் தீர்ந்த பிறகே மற்றது வரும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பயந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

எனக்கு இருப்பது சாதாரணத் துக்கமா, மனச்சோர்வு நோயா?

இரண்டு வாரங்களுக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் தாழ்ந்தே இருக்கிறதா, முன்பு பிடித்திருந்தவற்றில் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போய்விட்டதா என்ற இரு கேள்விகளைத்தான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள். துக்கம் அலையலையாக வந்து போகும்; இடையில் பேரக்குழந்தை பேசினால் முகம் மலரும். மனச்சோர்வில் அந்த இடைவெளிகள் மறைந்து, தான் ஒன்றுக்கும் ஆகாதவர், எல்லோருக்கும் பாரம் என்ற எண்ணமே நிலைத்துவிடும். பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. நோயும் மருந்துகளும்கூட அவற்றை உண்டாக்கும்.

உடல் சார்ந்த காரணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். டெக்சாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் மனநிலையைத் தலைகீழாக மாற்றக்கூடும். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, கட்டுப்படுத்தப்படாத வலி ஆகியவையும் மனச்சோர்வைப் போன்ற நிலையைத் தரும். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு ஏற்படுகிறது; அங்கே மூளைப் பாதிப்புக்கும் பங்கு உண்டு. பேச்சுவழிச் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்துகளும் பலனளிக்கின்றன. மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால், அன்றே மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ சொல்லுங்கள். நம்பிக்கைக்குரிய ஒருவரை உடன் இருக்கச் சொல்லுங்கள். புற்றுநோய் உறுதியான முதல் சில வாரங்களில் இந்த ஆபத்து அதிகம் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள். நீங்கள் சொல்வது அவர்களைத் திகைக்க வைக்காது.

எழுந்து உட்காரவே முடியாத அசதி. இதில் நோக்கத்தைத் தேடச் சொன்னால் எப்படி?

நியாயமான கேள்வி. உடலைக் கவனிக்காமல் வாழ்வின் பொருளைப் பற்றிப் பேசுவது நோயாளியைக் கேலி செய்வது போலாகிவிடும். வலி, குமட்டல், மூச்சுத்திணறல், தூக்கமின்மை ஆகியவற்றைத் தாங்கிக்கொள்வது ஒரு தகுதி என்று நினைக்காமல், ஒவ்வொன்றையும் மருத்துவரிடம் சொல்லி அதற்குரிய சிகிச்சையைக் கேளுங்கள்.

கீமோதெரபி போன்ற புற்றுநோய்ச் சிகிச்சைகளால் வரும் அசதி ஓய்வால் மட்டும் தீராது. மருத்துவர் அனுமதிக்கும் அளவிலான நடையும் உடற்பயிற்சியும் அதைக் குறைக்கின்றன என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. இதயச் செயலிழப்பிலும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி உதவுகிறது. ஆனால் எல்லா நோய்களுக்கும் இதைப் பொதுவிதியாக்கக் கூடாது. நாட்பட்ட சோர்வு நோயில் சிறு உழைப்பும் நாட்கணக்கில் படுக்க வைத்துவிடும் என்பதால், படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் நோய்க்கு எது பொருந்தும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு வாரத்துக்கு எந்த வேளையில் தெம்பு இருக்கிறது என்று குறித்து வாருங்கள். அந்தத் தெம்புள்ள மணி நேரத்தைக் குளியலுக்கும் துணி மடிப்பதற்கும் கொடுத்துத் தீர்க்காமல், உங்களுக்கு முக்கியமான ஒன்றுக்கு ஒதுக்குங்கள். துணியை வேறு யாராவது மடிப்பார்கள்.

என் வேலையே என் அடையாளமாக இருந்தது. அது போன பிறகு நான் யார்?

மூட்டுவாத நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களிடம் பேசிய சமூகவியலாளர் மைக்கேல் பரி, நாட்பட்ட நோய் ஒருவர் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கதையையே அறுத்துவிடுகிறது என்று 1982இல் எழுதினார். இத்தனை வயதில் இது, பிறகு அது என்று மனத்துக்குள் இருந்த வரிசை குலைந்துவிடுகிறது. அந்த இழப்பு உண்மையானது. அதற்காகத் துக்கம் கொள்வது தேவையானதும்கூட. "வேலை போனால் என்ன, உயிர் இருக்கிறதே" என்று சொல்லி அதை மூட முயல்வதால் பலன் இல்லை.

துக்கத்தோடு கூடவே கேட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு: அந்த வேலையில் உங்களைப் பிடித்து வைத்திருந்தது எது? ஆசிரியர் ஒருவருக்குக் கரும்பலகை முக்கியமாக இருந்திருக்காது. ஒரு மாணவருக்குப் புரியும் தருணம் முக்கியமாக இருந்திருக்கும். வகுப்பறைக்குப் போக முடியாதவரால் ஒரே ஒரு பிள்ளைக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லித்தர முடியும். தச்சருக்கு உளி பிடிக்க முடியாமல் போனாலும், மரத்தைத் தேர்ந்தெடுக்கும் கண் போகவில்லை. ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல் வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு, ஓவியத் தாங்கியின் முன் நெடுநேரம் நிற்கும் வலிமையை இழந்தார். வண்ணம் பூசிய தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டி, உதவியாளர்களைக் கொண்டு சுவரில் பொருத்தச் செய்து, 1954இல் இறக்கும்வரை புதியதொரு கலையை உருவாக்கினார். தூரிகை போனது, நிறத்தின் மீதான ஈடுபாடு தொடர்ந்தது. நம்மில் பெரும்பாலோர் மத்தீஸ் இல்லை என்பதும் சரிதான். ஆனால் கருவியையும் ஈடுபாட்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு மேதைமை தேவையில்லை.

வாழ்வின் நோக்கத்தை எங்கே தேடுவது? பெரிதாக எதையாவது தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நோய்க்குப் பின் அறக்கட்டளை தொடங்கியவர்களும் மாரத்தான் ஓடியவர்களும் செய்தியாகிறார்கள். மற்றவர்களின் நோக்கம் செய்தியாவதில்லை. அந்தப் புகழ்பெற்ற கதைகளிலும் காலக்கணக்கைக் கவனியுங்கள். நடிகர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்குப் பார்க்கின்சன் நோய் 1991இல், 29 வயதில் கண்டறியப்பட்டது. அவர் அதை வெளியுலகுக்குச் சொன்னது 1998இல். பார்க்கின்சன் ஆய்வுக்கான தம் அறக்கட்டளையைத் தொடங்கியது 2000இல். நோய் உறுதியான மாதத்திலேயே நோக்கம் தெரியவில்லையே என்று தவிப்பவர்கள் இந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளலாம்.

உளவியல் சார்ந்து இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. நியூயார்க் மனநல மருத்துவர் வில்லியம் பிரைட்பார்ட், முற்றிய புற்றுநோய் உள்ளவர்களுக்காக வாழ்வின் பொருளை மையமாகக் கொண்ட குழுச் சிகிச்சையை உருவாக்கினார். நாஜி வதைமுகாம்களில் இருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கலின் சிந்தனைகளே அதற்கு அடித்தளம். எட்டு வாரக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களிடம் வாழ்க்கைத்தரமும் ஆன்மிக நிறைவும் மேம்பட்டதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதில் நான்கு ஊற்றுகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்கு முன்னோர் விட்டுச்சென்றதும் நாம் விட்டுச்செல்லப்போவதும் ஒன்று. நாம் உருவாக்குவதும் பொறுப்பேற்பதும் இன்னொன்று. அன்பு, இயற்கை, இசை, நகைச்சுவை என்று நாம் வெறுமனே உணர்ந்து பெறுவது மூன்றாவது. மாற்ற முடியாத துன்பத்தின் முன் நாம் எடுக்கும் நிலைப்பாடு நான்காவது.

இவற்றுள் மூன்றாவதையே நோயாளிகள் அதிகம் மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நோக்கம் என்றாலே ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்ற பழக்கம் நமக்கு இருக்கிறது. படுக்கையிலிருந்து பிடித்த பாடகரை ஒரு மணி நேரம் முழுக் கவனத்தோடு கேட்பதும் அந்த நாளுக்குப் போதுமான நோக்கம்தான். தேடத் தொடங்குவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. கடந்த ஒரு மாதத்தில் எந்த நேரத்தில் நோய் சிறிது மறந்திருந்தது, அப்போது யார் உடன் இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். விடை பெரும்பாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். அதைச் செய்வதற்கு வாரத்தில் ஒரு நாளையும் நேரத்தையும் குறித்து, இன்னொருவரிடம் சொல்லி வைத்துவிடுங்கள். நல்ல எண்ணங்கள் தாமாக நடந்தேறுவதில்லை.

நோய் என்னை மேன்மையான மனிதராக மாற்றியிருக்க வேண்டாமா? எனக்கு எரிச்சல்தான் கூடியிருக்கிறது.

துன்பத்துக்குப் பிந்தைய வளர்ச்சி என்பதை 1990களில் ஆராய்ந்த உளவியலாளர்கள் ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கல்ஹூனும், உறவுகள் நெருக்கமாதல், வாழ்வின் அருமை புரிதல் போன்ற மாற்றங்களைப் பலர் சொல்வதைப் பதிவு செய்தார்கள். வளர்ச்சி துன்பத்தோடு மல்லுக்கட்டுவதிலிருந்து பிறக்கிறது, துன்பமே ஒரு பரிசு ஆகிவிடாது என்பதையும், வளர்ந்தவர்களுக்கு வேதனை நின்றுவிடுவதில்லை என்பதையும் அவர்களே வலியுறுத்தினார்கள். மக்கள் தாம் மாறியதாகச் சொல்வதும் உண்மையில் மாறியிருப்பதும் ஒன்றா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. நோயிலிருந்து எதையும் கற்காமல், அதே பழைய எரிச்சல்களோடும் அன்போடும் வாழ்வைத் தொடர்பவர் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை.

மனத்தில் உள்ளதை எழுதினால் பலன் உண்டா?

சிலருக்கு உண்டு. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் தொடங்கிய ஆய்வுகளில், நான்கு நாட்கள் தொடர்ந்து 15 நிமிடம்போல், மனத்தை அழுத்தும் நிகழ்வைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதச் சொன்னார்கள். கிடைக்கும் பலன் சராசரியில் சிறியது. எழுதிய உடனே மனம் கனப்பதும் உண்டு. ஓரிரு நாளில் இலேசாகாவிட்டால் விட்டுவிடலாம்.

யாரிடம், எவ்வளவு சொல்வது? குழந்தைகளிடம் மறைப்பது நல்லதல்லவா?

எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் அதே கதையைத் திரும்பச் சொல்லிக் களைப்பதைத் தவிர்க்க, குடும்பத்தில் ஒருவரிடம் செய்தி சொல்லும் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம். அலுவலகத்தில், விடுப்புக்கும் வேலைச் சலுகைக்கும் தேவையான அளவு சொன்னால் போதும்.

குழந்தைகளிடம் மறைப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை. கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சை அவர்கள் கவனிக்கிறார்கள். தெரியாத இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள், அந்தக் கற்பனை பல நேரம் உண்மையைவிடக் கொடியது. நோயின் பெயரை எளிய சொற்களில் சொல்லுங்கள். அவர்கள் செய்த எதனாலும் இது வரவில்லை என்பதையும், புற்றுநோய் தொட்டால் ஒட்டாது என்பதையும் சொல்லுங்கள். பள்ளிக்கு யார் அழைத்துச் செல்வார், இரவில் யார் உடன் இருப்பார் என்பதைத் தெளிவுபடுத்துங்கள். "செத்துப்போவாயா?" என்று கேட்டால், பொய்யான உறுதிமொழி தராமல், "மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள், ஏதாவது மாறினால் உன்னிடம் சொல்வேன்" என்று சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

உடனிருப்பவர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?

"ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதை நிறுத்திவிடுங்கள். நோயாளிக்கு அது இன்னொரு வேலை. "செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு நான் வண்டி எடுத்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த யாரோ இதே நோயால் இறந்த கதையையும், ஏதோ ஒரு வேரால் குணமான கதையையும் சொல்லாதீர்கள். அவரால் செய்ய முடிந்ததை அவரிடமிருந்து பறிக்காதீர்கள்; மின்கட்டணத்தைத் தானே கட்ட விரும்புபவர் கட்டட்டும். உங்கள் தூக்கத்தையும் உடல்நலத்தையும் கவனியுங்கள். பராமரிப்பவர்களிடமும் மனச்சோர்வு பரவலாகக் காணப்படுகிறது.

நோய்த்தணிப்புச் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே பொருள்?

அப்படியில்லை. வலியையும் நோயின் மற்ற துன்பங்களையும் குறைப்பதற்கான சிகிச்சை இது. இலண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், நோயாளியின் வலி உடலில் மட்டும் இருப்பதில்லை, மனம், குடும்பம், ஆன்மிகம் என்று எல்லாவற்றிலும் பின்னிக் கிடக்கிறது என்று கண்டார். இத்துறை அங்கிருந்து வளர்ந்தது. இன்று நோய் கண்டறியப்பட்ட தொடக்கத்திலிருந்தே, குணப்படுத்தும் சிகிச்சையோடு சேர்த்தே இதைத் தரலாம். பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு இதற்குத் திருப்புமுனையாக அமைந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கு வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது. இறுதிக்கட்டத்தில் தீவிரச் சிகிச்சைகளைக் குறைவாகவே பெற்றிருந்தும், அவர்களுடைய ஆயுட்காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதமாகவும், மற்றவர்களுடையது 8.9 மாதமாகவும் இருந்தன. உங்கள் மருத்துவர் இதைப் பற்றிப் பேச்செடுக்காவிட்டால் நீங்களே கேட்கலாம்.

குணமாக வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி நோக்கம் எதற்கு?

காலம் குறுகும்போது நோக்கத்தின் அளவு சிறுத்து, கூர்மை கூடுகிறது. பத்தாண்டுத் திட்டத்துக்குப் பதிலாக, மகளின் தேர்வு முடியும்வரை வீட்டில் இருக்க வேண்டும், பேசாமல் இருக்கும் தம்பியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பன போன்றவை முன்னுக்கு வருகின்றன. அவற்றை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சையைத் தொடர்வது, எதை நிறுத்துவது, மருத்துவமனையில் எவ்வளவு நாள் செலவிடுவது என்ற முடிவுகள் அதைப் பொறுத்து மாறக்கூடியவை.

கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் வடிவமைத்த ஒரு முறையில், நோயாளி தம் வாழ்வில் முக்கியமென்று நினைப்பவற்றை, பெருமைப்படுபவற்றை, வேண்டியவர்களுக்குச் சொல்ல விரும்புபவற்றைக் கேள்விகளின் துணையோடு பேசுகிறார். அது பதிவு செய்யப்பட்டு, எழுத்தாக்கப்பட்டு, அவர் திருத்தி ஒப்புக்கொண்ட பிறகு குடும்பத்தாருக்குக் கொடுக்கப்படுகிறது. 2011இல் வெளியான ஆய்வில் மனவேதனையின் அளவுகோல்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆயினும் தம் கண்ணியம் உயர்ந்ததாகவும் குடும்பத்துக்கு இது உதவும் என்றும் பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகச் சொன்னார்கள். பயிற்சி பெற்றவர் கிடைக்காவிட்டாலும், கைபேசியையும் பொறுமையாகக் கேட்கும் ஒருவரையும் கொண்டு இதன் எளிய வடிவத்தைச் செய்துகொள்ளலாம்.

சிகிச்சை முடிந்துவிட்டது, எல்லோரும் வாழ்த்துகிறார்கள். எனக்கோ இப்போதுதான் பயம் கூடியிருக்கிறது. ஏன்?

சிகிச்சைக் காலத்தில் ஒவ்வொரு வாரமும் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அது திடீரென நின்றுபோகும்போது, அதுவரை ஒத்திவைக்கப்பட்டிருந்த பயம் வெளியே வருகிறது. நோய் திரும்புமோ என்ற அச்சம் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களிடம் மிகப் பரவலானது. ஒவ்வொரு தலைவலியும் அறிகுறியாகத் தெரியும். எந்த அறிகுறிகளுக்கு உடனே வர வேண்டும், எவற்றை எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது இந்த அச்சத்துக்கு ஓர் எல்லையை வகுக்கும். அச்சம் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால், இதற்கென்றே பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்களின் உதவி பலனளிக்கும்.

தொடர் பரிசோதனைகளுக்கு முந்தைய நாட்களில் பதற்றம் உச்சத்துக்குப் போகும். முடிவு எந்த நாளில், யார் மூலம், தொலைபேசியிலா நேரிலா வரும் என்பதை ஸ்கேன் எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த வாரத்தில் பெரிய முடிவுகளை எடுக்காமல் இருப்பதும், முடிவு வரும் நாளில் யார் உடன் இருப்பார் என்பதை முன்கூட்டியே பேசி வைப்பதும் பலருக்கு உதவியிருக்கின்றன.